பொருளற்ற ஒலிகள்

குரலை இழந்த ஒருவருக்கு அவருடைய குரலையே திருப்பிக் கொடுத்தால், அதைக் கழற்றி இழுப்பறைக்குள் போட்டுவைப்பாரா? சோதனைக்காகக் கொடுத்துப் பார்த்த முப்பது பேரில் பத்தொன்பது பேர் அப்படித்தான் செய்திருந்தார்கள்.

கோயம்புத்தூர் நிறுவனம் செய்த அந்தக் கழுத்துப்பட்டை இரண்டு விரல் அகலம் இருக்கும். புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்துவிட்டவர்கள் அதைக் கட்டிக்கொண்டு, பேசுவதுபோல் வாயை அசைத்தால் போதும். கழுத்து நரம்புகள் என்ன சொல்ல நினைக்கின்றன என்பதைப் பட்டை படித்து, அவர்களுடைய பழைய குரலிலேயே சொல்லிவிடும். கல்யாண வீடியோவிலோ கைபேசியில் அனுப்பிய குரல் செய்திகளிலோ பத்து நிமிடப் பேச்சு கிடைத்தால் போதும், குரல் தயாராகிவிடும்.

"ஏனுங்க தில்லை, நிழலருங்ககிட்டக் கேட்டாச்சு. நூத்துக்குத் தொண்ணூத்தேழு குடுத்திருக்காங்க," என்றார் மயில்சாமி. வடிவமைப்புப் பிரிவின் தலைவர். கெட்டிக்காரர். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது.

நிழலர் என்பவர்கள் கணினிக்குள் வாழும் நோயாளிகள். மொத்தம் பன்னிரண்டாயிரம் பேர். நோயாளிகளிடம் பல ஆண்டுகளாக எடுத்த பேட்டிகள், மருத்துவமனை உரையாடல்கள், தொலைபேசி உதவி மையங்களின் பதிவுகள் எல்லாவற்றையும் எழுத்தாக்கி, அந்த எழுத்தைத் தின்னக்கொடுத்து வளர்த்தவர்கள். எந்தக் கருவியைக் காட்டி எதைக் கேட்டாலும் ஒரு நொடியில் பதில் வரும். அவர்களுக்குப் பசிக்காது, அலுக்காது, ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்லத் தெரியாது. அவர்கள் வந்த பிறகு, உண்மையான நோயாளிகளின் வீட்டுக்குப் போய் அவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டுவரும் பிரிவில் பதினோரு பேர் இருந்த இடத்தில் ஒருவர் மிஞ்சினார். அவர்தான் தில்லைநாயகம்.

"பத்தொன்பது பேர் கழட்டி வச்சிருக்காங்க," என்றார் தில்லைநாயகம்.

"பழக்கமில்லைங்க. போகப்போகச் சரியாயிரும். நீங்க போன் பண்ணிக் கேட்டீங்கல்ல, என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. ‘நல்லாத்தான் இருக்கு, என்னமோ மாதிரி இருக்கு’ன்னாங்க."

"என்னமோ மாதிரின்னா அதை வெச்சு நானு என்னத்தைங்க மாத்தறது?"

தில்லைநாயகம் பதில் சொல்லவில்லை. பேச்சுக்கு நடுவே கிணறுபோல் இறங்கிவிடுகிற வழக்கம் அவருக்கு உண்டு. பேட்டிக்குப் போன வீடுகளிலும் அப்படித்தான், கேள்வி எதுவும் கேட்காமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். எதிரில் இருப்பவர் அந்த மௌனம் தாங்காமல் எதையாவது சொல்வார், பெரும்பாலும் அதுதான் சொல்லவேண்டியதாக இருக்கும். மயில்சாமியாலும் அதிக நேரம் தாங்க முடியவில்லை.

"சரி, போயிட்டு வாங்க. பத்து நாள். மாசக் கடைசியில வடிவத்தைப் பூட்டிருவோமுங்க. அப்புறம் மூவாயிரம் பட்டைங்க தயாராயிரும், கடவுளே வந்து சொன்னாலும் மாத்த முடியாது."

*

முப்பது பேரில் செண்பகவல்லியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. திருநெல்வேலி அவசர அழைப்பு மையத்தில் பதினாறு ஆண்டுகள் தொலைபேசி எடுத்தவள். விபத்து, பாம்புக்கடி, பிரசவ வலி, எதற்காக ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாலும் முதலில் ஒரு மனிதர்தான் பேச வேண்டும், இயந்திரம் பேசக்கூடாது என்று அப்போது சட்டமே இருந்தது. அந்த மனிதர்களில் அவள்தான் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்திருந்தாள். எட்டு மாதத்துக்கு முன் தொண்டையில் அறுவை. இப்போது பட்டையோடு வேலைக்குத் திரும்பி இரண்டு சோதனைப் பணிகள் செய்து, இரண்டிலும் தோற்றிருந்தாள். மூன்றாவது சோதனை அடுத்த வியாழக்கிழமை. அதிலும் தோற்றால் பதிவறைக்கு மாற்றிவிடுவார்கள். அந்த அறையில் தொலைபேசி கிடையாது.

"வாங்க சார், சாப்பிட்டியளா?" என்றது, வீட்டு வாசலுக்கு வந்த செண்பகவல்லியின் கழுத்திலிருந்த பட்டை. தெளிவான, கொஞ்சம் கனத்த, அன்பான குரல். அவள் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன.

"குரல் ரொம்ப நல்லா வந்திருக்கும்மா."

"குரல்ல ஒரு குறையும் இல்ல சார். பேசுனா எல்லாரும் ஆசையாக் கேக்காங்க. ஆனா எங்கிட்ட யாரும் பேச மாட்டேங்காங்க."

தில்லைநாயகம் இந்த வாக்கியத்தை எழுதி அடியில் கோடு போட்டார். புரிந்ததால் போட்ட கோடில்லை. புரியவில்லை என்று போட்டது.

அன்று மாலை வரை கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆறு மணிக்குப் பணி முடிந்து அவள் கணவன் சுடலைமுத்து வந்தான். டவுன் பஸ் டிரைவர். சட்டையைக் கழற்றிக்கொண்டே அடுப்படி வாசலில் நின்று ஆரம்பித்தான். செண்பகவல்லி அவனுக்கு முதுகைக் காட்டி வெண்டைக்காய் வதக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு வண்ணார்பேட்டையில ஒரு கூத்து கேளு. ஒருத்தன் ஆட்டுக்குட்டிய மடியில தூக்கிட்டு ஏறுதான். கண்டக்டர் டிக்கெட் எடுங்கான். இவன், குட்டிக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டான்னு கேக்கான்..."

நிறுத்தினான். கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏ, கேக்கியா?"

"கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். சொல்லுங்க," என்றது பட்டை. அழகாக, முழு வாக்கியமாக.

சுடலைமுத்துவின் முகம், பாதி வழியில் இஞ்சின் நின்ற வண்டியைப்போல் ஆனது. "ஒண்ணுமில்ல. அவ்ளோதான்," என்று துண்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டான்.

ஆட்டுக்குட்டி என்ன ஆனது என்று தில்லைநாயகத்துக்கே தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் கதை சொல்பவன் போய்விட்டான். செண்பகவல்லி திரும்பி அவரைப் பார்த்தாள். பார்த்தீர்களா என்று கேட்கிற பார்வை. பார்த்துவிட்டார். எதைப் பார்த்தோம் என்றுதான் பிடிபடவில்லை.

*

"அக்கா குரலேதான் சார், சத்தியமா," என்றாள் பிளெசி. அழைப்பு மையத்தின் கண்காணிப்பாளர். செண்பகவல்லியிடம் வேலை பழகி, இப்போது அவளுக்கே மதிப்பெண் போடவேண்டிய இடத்தில் இருப்பவள். "ஆனா லைன்ல ஒருத்தரும் நிக்க மாட்டேங்காங்க. நாப்பது கால்ல பதிமூணு பேரு பாதியிலயே வச்சிட்டாங்க. பேசிட்டே இருப்பாங்க, ‘ஹலோ, ஹலோ’ம்பாங்க, டொப்புன்னு வச்சிருவாங்க. ஏன்னே தெரியல."

"அவங்களோட பழைய அழைப்பு ஏதாவது கிடைக்குமா?"

"எழுத்தாவும் இருக்கு, ஒலியாவும் இருக்கு. எது வேணும்?"

இரண்டையும் கேட்டு வாங்கினார். முதலில் எழுத்தைப் படித்தார், அது அவருக்குப் பழக்கமானது. வயலில் மகளைப் பாம்பு கடித்துவிட்ட ஒரு தகப்பனின் அழைப்பு. ஏழு நிமிடம். தாளின் மேலே செண்பகவல்லி: ‘அவசர அழைப்பு. சொல்லுங்க.’ பிறகு முகவரி பற்றி இரண்டு கேள்வி. அதற்குப் பிறகு பக்கம் முழுக்க அந்தத் தகப்பன் மட்டுமே பேசுகிறான். கடைசியில் செண்பகவல்லி: ‘வண்டி வந்துட்டு பாருங்க. லைட்டைக் காட்டுங்க.’

நடுவில் ஆறு நிமிடம் அந்த மனிதன் யாரோடு பேசினான்?

காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஒலியைப் போட்டார்.

"காலு வீங்குதும்மா..."

"ம்."

"நான் கயிறு கட்டலாம்னு..."

"ம்ம்."

"கட்ட வேண்டாமா? சரி கட்டல. புள்ள என்னையே பாக்காம்மா..."

"ம்..."

தில்லைநாயகம் பென்சிலால் தாளின் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். மேலே சொல் என்று ஒரு ம். அதைச் செய்யாதே என்று ஒன்று. அப்படியா என்று ஒன்று. ஒன்றுமே சொல்லாமல், இங்கேயே இருக்கிறேன் என்று மட்டும் சொல்வது ஒன்று. அதுதான் அதிகம். ஏழு நிமிடத்தில் அறுபத்து மூன்று. எழுத்தில் ஒன்றுகூட இல்லை.

அதை ஏன் எழுதவில்லை என்று அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பதினோரு ஆண்டுகளுக்கு முன், நிறுவனத்தில் சேர்ந்த முதல் மாதத்தில், ஒலியை எழுத்தாக்குபவர்களுக்கான விதித்தாளை எழுதியவர் அவரே. அந்தத் தாள் பிறகு ஊர் ஊராகப் போனது. மருத்துவமனைகள், உதவி மையங்கள், எழுத்தாக்கும் இயந்திரங்கள் எல்லாம் அதையே பின்பற்றின. ஏழாவது விதி அவருக்கு இன்னும் மனப்பாடம். ‘ம், ஆ, இருமல், செருமல், முழுங்குதல் முதலிய பொருளற்ற ஒலிகளை நீக்கிவிடவும்.’

அந்த எழுத்தைத் தின்று வளர்ந்தவர்கள்தான் நிழலர். பன்னிரண்டாயிரம் பேரில் ஒருவரும் பிறந்ததிலிருந்து ஒரு ம் போட்டதில்லை. யாரும் தங்களுக்கு ம் போட்டுக் கேட்டதுமில்லை. இல்லாத ஒன்று வேண்டும் என்று அவர்கள் எப்படிக் கேட்பார்கள்?

மையத்தின் நடைபாதையில் ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பிளெசி இரண்டு முறை வந்து டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனாள். மௌனத்தின் அருமை தெரிந்தவன் என்று அவருக்குத் தன்னைப் பற்றி ஒரு எண்ணம் இருந்தது. அந்த எண்ணம் அன்று அந்தப் பெஞ்சிலேயே கரைந்து போயிற்று.

மயில்சாமியைத் தொலைபேசியில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். விதியை எழுதியது யார் என்பதைச் சொல்லவில்லை.

"அட, ஆமாங்க!" என்றார் மயில்சாமி. அதிலும் அவர் நேர்மையானவர்தான். "வாய் மூடியிருந்தா அது பேச்சில்லைன்னு பட்டைக்குச் சொல்லி வெச்சிருக்கோமுங்க. எச்சில் முழுங்கறப்பவும் அதே நரம்புதான் துடிக்குது. ரெண்டையும் சேத்து வடிகட்டி எறிஞ்சுட்டோம். ஒரு நாள் குடுங்க, புதுசு ஒண்ணு அனுப்பறேன்."

*

சனிக்கிழமை வந்த புதுசு, உண்மையிலேயே அழகான வேலை. எதிரில் பேசுபவர் மூச்சு விடும் இடத்தைப் பட்டையே கண்டுபிடித்து, அவருடைய குரலின் ஏற்ற இறக்கத்துக்குப் பொருத்தமாகச் செண்பகவல்லியின் குரலில் ஒரு ம் போடும். அவள் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. நிழலரிடம் விவரித்துக் காட்டியபோது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது.

ஞாயிறு காலை தில்லைநாயகம் போனபோது வாசல் கதவு திறந்திருந்தது. கூடத்துப் பெஞ்சில் சுடலைமுத்து கூரையைப் பார்த்து மல்லாந்து படுத்துப் பேசிக்கொண்டிருந்தான். தலைமாட்டுக்குப் பின்னால் மேசை. தில்லைநாயகம் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"...கண்டக்டர் இந்தா முழு டிக்கெட்டுன்னு கிழிச்சுக் குடுத்தாரு. குட்டி அத வாங்கி மென்னுட்டு!"

"ம்ம்."

"செக்கிங் ஏறுனா என்ன சொல்லுவன்னு கேக்காரு. அவன், குட்டி வயித்துல இருக்கு, கிழிச்சுப் பாத்துக்கிடுங்கங்கான்."

"ம்."

சுடலைமுத்து வயிறு குலுங்கச் சிரித்தான். எட்டு மாதச் சிரிப்பு. பிறகு சிரிப்பு தானாக அடங்கியது. கொஞ்ச நேரம் மின்விசிறியையே பார்த்தான்.

"ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும் செம்பா. ஆபரேஷன் அன்னைக்கு வெளிய உக்காந்திருந்தேன்லா..."

"ம்."

"நீ திரும்பி வரமாட்டேன்னே முடிவு பண்ணிட்டேன். ஒன் சேலையெல்லாம் யாருக்குக் குடுக்கன்னு யோசிக்கேன், பாத்துக்க. அப்படி ஒரு பாவி நான்."

"ம்..." என்றது குரல், மெதுவாக, இரக்கத்தோடு.

அப்போது மொட்டைமாடிப் படியிலிருந்து செண்பகவல்லி இறங்கி வந்தாள். இடுப்பில் காலி பக்கெட். துணி உலர்த்திவிட்டு வருகிறாள். கழுத்தில் எதுவும் இல்லை. வியர்வைக்காகக் கழற்றிய பட்டை மேசைமேல் கிடந்தது.

சுடலைமுத்து எழுந்து உட்கார்ந்தான். அவளைப் பார்த்தான். திரும்பி மேசையைப் பார்த்தான்.

"இது..." என்றான். 

"ம்," என்றது பட்டை.

அவன் சட்டையை எடுத்து மாட்டாமல் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். தில்லைநாயகத்தைத் தாண்டிப் போனபோது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

செண்பகவல்லி பட்டையை எடுத்து அணைத்தாள். கைபேசியில் எழுதி அவரிடம் நீட்டினாள். ‘இது நான் இல்ல சார்.’

மயில்சாமி தொலைபேசியில் கெஞ்சாத குறையாகச் சொன்னார். "வியாழக்கிழமை பாஸாயிருவாங்க தில்லை. கண்டிப்பாப் பாஸாயிருவாங்க. ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாதுங்க. அவங்க வேலைதானே முக்கியம்?"

தில்லைநாயகம் ஒலிபெருக்கியில் போட்டு அவளையே கேட்கவைத்தார். அவள் எழுதினாள், அவர் படித்தார். "போன்ல ஒருத்தன் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் பேசுவான். நான் தண்ணி குடிக்க எழுந்து போயிருந்தாலும் இது ம் போடும். நான் இருக்கேன்னு அவன் நம்புவான். எனக்கு அந்த வேலை வேண்டாம்."

தில்லைநாயகம் கைபேசியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். 

"வடிகட்டியை எடுத்திருங்க," என்றார் தில்லைநாயகம். "மூடின வாயிலேர்ந்து நரம்பு என்ன சொன்னாலும் வெளிய வரட்டும். எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நீளம், எல்லாம் அவங்க கையில இருக்கட்டும்."

"முழுங்கறதும் சத்தமா வருமுங்களே. சாப்பிடறப்ப, தண்ணி குடிக்கறப்ப, ஒவ்வொரு மடக்குக்கும். அசிங்கமா இருக்காதுங்களா?"

செண்பகவல்லி ஒரே சொல் எழுதினாள். ‘வரட்டும்.’

*

முதல் நாள் வந்த ம், கன்றைத் தேடும் பசுவின் சத்தம்போல் இருந்தது. இரண்டாம் நாள் கொசு. தனக்குள் எந்தத் தசையால் அந்த ஒலியைச் செய்தோம் என்று யாருக்குத்தான் தெரியும்? பிறந்ததிலிருந்து நினைக்காமல் செய்த ஒன்றை, அவள் நினைத்து நினைத்துச் செய்ய வேண்டியிருந்தது. காபி குடித்தால் மடக்குக்கு மடக்குப் பட்டை முனகியது.

"என்ன ம்? நான் ஒண்ணும் சொல்லலியே," என்றான் சுடலைமுத்து. திங்கள் மாலையிலிருந்து அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே எதிரில் வந்து உட்கார்ந்தான். பயிற்சிக்கு ஆள் வேண்டுமே. பேசமாட்டேன் என்று செய்தித்தாளை உரக்கப் படித்தான். அவள் ம் போட்டாள். வானிலை, விளையாட்டு, வரி விளம்பரம் எல்லாம் தீர்ந்தது. புதன்கிழமை விளையாட்டுப் பக்கத்தைப் படிக்கும்போது அவனை அறியாமல் வாய் வேறு பக்கம் போனது.

"இவனுகள்லாம் என்ன கபடி ஆடுதானுக. நான் ஆடுன காலத்துல மாவட்டத்துல எம் பேரு தெரியாத ஆளு கெடையாது."

"ம்ம்ம்?"

இழுத்து, கடைசியில் லேசாக மேலே தூக்கி நிறுத்திய ம். சுடலைமுத்து நாற்காலியில் நிமிர்ந்தான்.

"சத்தியமாட்டீ! கேட்டுப் பாரு, வேணும்னா எங்க அண்ணங்கிட்டக் கேட்டுப் பாரு..."

பாதியில் நின்றுவிட்டான். அவள் தன்னை நம்பவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த எட்டு மாதத்தில் அவனை ஒருவரும் சந்தேகப்பட்டதே இல்லை. செய்தித்தாளால் முகத்தை மூடிக்கொண்டான். தாள் நடுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று தில்லைநாயகத்தால் சொல்ல முடியவில்லை. எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

*

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் செண்பகவல்லி தன் பழைய இருக்கையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் பிளெசி. பின்னால் மதிப்பெண் தாளோடு ஓர் அதிகாரி. தில்லைநாயகத்துக்கும் ஒரு காதுக்கருவி கொடுத்திருந்தார்கள்.

பன்னிரண்டு அழைப்புகள் நல்லபடியாகப் போயின. ஒருவரும் நடுவில் வைக்கவில்லை. பதினொன்று இருபதுக்குப் பதிமூன்றாவது. எடுத்தவுடன் காற்று இரைந்தது.

"அக்கா... அக்கா, இசக்கி கை மிஷினுக்குள்ள மாட்டிட்டுக்கா. ரத்தம் கொட்டுது. மேல இருக்கோம், காத்தாடி மேல!"

பேசியவன் பெயர் ஜெபராஜ். பணகுடிப் பக்கம் காற்றாலை பழுது பார்க்கப் போன இரண்டு பேரில் ஒருவன். தரையிலிருந்து தொண்ணூறு மீட்டர் உயரத்தில் இருந்தான். எந்தக் காற்றாலை என்று கேட்டதற்கு அவனுக்கு எண் தெரியவில்லை. ஜீப்பில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள், ஊருக்குப் புதுசு. திரையில் அவன் கைபேசி காட்டிய வட்டத்துக்குள் நூற்றுப்பத்துக் காற்றாலைகள் நின்றன.

"எனக்கு ஒண்ணும் தெரியலக்கா, நான் வைக்கேன், ஓனருக்குப் போடுதேன்..."

"வைக்காதீங்க தம்பி. வெளிய எட்டிப் பாத்து என்னென்ன தெரியுதுன்னு சொல்லுங்க," என்றது பட்டை. அதோடு அவள் சொற்களை நிறுத்திக்கொண்டாள்.

"காத்தாடியாத்தான் தெரியுது..."

"ம்."

"ஒரு கொளம். தண்ணியில்லாத கொளம்."

"ம்ம்."

"அந்தால ஒரு... மஞ்சக் கலர் டேங்க். அதுக்குப் பக்கத்துல சிலுவை சிலுவையா, கல்லறைத் தோட்டம்..."

"ம்!"

அந்த ஒன்றில் இருந்த வேகத்தைக் கேட்டு அவன் மூச்சு விடாமல் கொட்டினான். கல்லறைத் தோட்டத்துச் சுவர், கோடு போட்ட ரோடு, வலதுகைப் பக்கம் ரயில் தண்டவாளம். பிளெசி வரைபடத்தில் விரலை ஓட்டி, எழுபத்து நான்கு என்று எழுதிக் காட்டினாள். ஆம்புலன்ஸும் கயிறு கட்டி இறக்கும் தீயணைப்புக் குழுவும் கிளம்பின.

அதன் பிறகு காத்திருக்கும் நேரம். பெல்ட்டை முழங்கைக்கு மேலே கட்டச் சொன்னாள். கட்டினான். இறுக்கச் சொன்னாள். இறுக்கினான். ஒவ்வொன்றையும் அவன் சொல்லச் சொல்ல ம், ம் என்று கூடவே போனாள், இருட்டில் கைபிடித்து நடத்துவதுபோல. தில்லைநாயகம் கோடு போடவும் மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் ஜெபராஜின் குரல் உடைந்தது.

"அக்கா, இசக்கி பேச்சு நின்னுட்டு. கண்ண மூடுதான். என் கையெல்லாம் மரத்துப் போச்சுக்கா, பெல்ட்டுப் பிடி நழுவுது. அவன் பொழச்சுக்கிடுவான்லா?"

பிழைப்பான் என்று சொல்லக்கூடாது. அது மையத்தின் கண்டிப்பான விதி. தெரியாததை வாக்காகக் கொடுக்கக்கூடாது. தெரியாது என்று சொன்னால் பிடி போய்விடும். காற்று மட்டும் இரைந்தது. அதிகாரி தாளிலிருந்து தலையை எடுத்தார். பிளெசி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ம்."

தாழ்ந்து, கனத்து, அடிவயிற்றிலிருந்து வந்ததுபோல் ஒரு ம். அதுவரை அவள் போட்ட எதையும் போல் இல்லை அது.

"சரிக்கா," என்றான் ஜெபராஜ். மூக்கை உறிஞ்சினான். "சரி. இறுக்கிப் பிடிச்சுக்கிடுதேன். ஏல இசக்கி, கண்ணத் தொறல! அக்கா லைன்ல இருக்காங்க பாரு, தொறல!"

பத்தொன்பதாவது நிமிடத்தில் வேறு குரல்கள் கேட்டன, பூட்ஸ் சத்தம், கயிறு உரசும் சத்தம். "வந்துட்டாங்கக்கா! ஏறி வந்துட்டாங்க! இசக்கி முழிச்சுப் பாக்கான்!" பிளெசி எழுந்து நின்று கைதட்டினாள். மற்ற மேசைகளில் இருந்தவர்களும் என்னவென்று தெரியாமலே தட்டினார்கள்.

நாற்பது அழைப்புகள் முடிந்தபோது, நடுவில் வைத்தவர் ஒருவர் மட்டுமே. அவரும் தவறான எண்ணுக்குப் போட்டுவிட்டவர். அதிகாரி தாளில் கையெழுத்துப் போட்டு, செண்பகவல்லியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். இருக்கை இனி அவளுடையது.

இசக்கிக்கு இரண்டு விரல்கள் போயின, உயிர் தங்கியது என்று மூன்று மணிக்குச் செய்தி வந்தது. அடுத்ததாக மயில்சாமி கூப்பிட்டார். "வடிவத்தைப் பூட்டலீங்க தில்லை. வடிகட்டியைத் தூக்கியாச்சு. அந்தப் பத்தொன்பது பேருக்கும் நாளைக்கே போயிரும். அப்புறம்... உங்க பிரிவுக்கு ஆள் எடுக்கறோமுங்க. உசுரோட இருக்கற ஆளுங்களைப் போய்ப் பாக்கறதுக்கு."

*

உணவுக்கூடத்தில் டீ ஆறிக்கொண்டிருந்தது. பிளெசி கொண்டுவந்து கொடுத்த தாள்கள் மேசைமேல் கிடந்தன. பதிமூன்றாவது அழைப்பின் எழுத்து வடிவம், இயந்திரம் சற்றுமுன் எடுத்தது. இடதுபக்கம் ஜெபராஜ் நெருக்கமாகப் பேசியிருந்தான். வலதுபக்கம் செண்பகவல்லியின் கட்டத்தில் ஆறேழு வரிகள். மீதியெல்லாம் வெள்ளை.

செண்பகவல்லி அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எவ்வளவு படிச்சவங்க சேந்து செஞ்ச சாமான் இது. ஒருத்தருக்குமா சார் இது தோணல?"

தில்லைநாயகம் தம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தார். அவருடைய வழக்கமான மௌனத்துக்குள் இறங்கப் பார்த்தார். முடியவில்லை.

"தோணக்கூடாதுன்னு ஒருத்தன் எழுதி வச்சிருந்தான்ம்மா."

"ம்?"

"ஏழாவது விதின்னு. பொருளற்ற ஒலிகளை நீக்கிடணும்னு."

"ம்."

"அதை எழுதினது நான்தான்."

அவள் டீயைக் கீழே வைத்தாள். அவர் சொல்லிக்கொண்டே போனார். இருபது வயதுப் பையன்கள் காதுக்கருவியோடு வரிசையாக உட்கார்ந்து அழித்ததை. அப்போது தாள் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்று தான் பெருமைப்பட்டதை. ஒருவரிடமும் இதுவரை சொல்லாததை. அவள் அங்கங்கே ம் போட்டாள். ஒன்றுகூட மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஒன்றுகூடப் போதும் நிறுத்து என்றும் சொல்லவில்லை. பேசி முடித்தபோதுதான், தன் வாழ்நாளில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை என்பது அவருக்கே தெரிந்தது.

செண்பகவல்லி தாள்களை அவர் பக்கம் தள்ளினாள். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை அவளே எடுத்து மேலே வைத்தாள்.

"எழுதுங்க."

காதுக்கருவியை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டார்கள். ஒலி ஓடியது. தில்லைநாயகம் வெள்ளைக் கட்டத்தில் ஒவ்வொன்றாக எழுதினார். ம். ம்ம். ஆச்சரியக்குறியோடு ஒன்று. இழுத்தது, நிறுத்தியது. கட்டம் நிறைந்துகொண்டே வந்தது.

பன்னிரண்டாவது நிமிடம் வந்தது. ‘அவன் பொழச்சுக்கிடுவான்லா?’ காற்று. பிறகு அது.

"இதைப்போல ஒண்ணு நான் கேட்டதே இல்லம்மா," என்று பேனாவைத் தாளில் வைத்தார். "எப்படிப் போட்டீங்க?"

அவள் தலையை ஆட்டினாள்.

"நான் போடல சார். எனக்கு ஒரே பயம். எச்சி முழுங்கினேன்."

பேனா நின்றது. கூடத்தில் யாரோ தம்ளர்களைக் கழுவிக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது.

"அப்போ..." என்றார் அவர். "இதை விட்டிரவா?"

செண்பகவல்லி காதிலிருந்து கருவியை எடுத்தாள்.

"அவனுக்குக் கேட்டுச்சுல்லா?" என்றது பட்டை. "எழுதுங்க."

எழுதினார்.